வாரத்துக்கு ஓர் ஊசி: எடை குறைக்கும் ஹார்மோன் மருந்தைத் தொடங்குவதற்கு முன்

ஊசி போட்டுக்கொள்வது பத்து வினாடி வேலை. வலிக்குமோ என்று பயந்து நான் முதல் ஊசியை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் கொசு கடித்த அளவுகூட இல்லை. ஊசிக்கு முன்னால் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கும், ஊசிக்குப் பின்னால் வருகிற ஒரு வாரச் சாப்பாடும்தான் உண்மையான வேலை. அதைப் பற்றி எனக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லை. பத்து மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. எந்த பிராண்டைப் போடுகிறேன் என்பதையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போகிற நண்பர்கள் எனக்கு உண்டு.

முதலில், இது என்ன மருந்து

சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்திடம் இன்சுலின் விடச் சொல்லும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளையிடம் 'போதும்' என்று சொல்லும். ஆனால் ரத்தத்துக்கு வந்ததும் ஒரு நொதி அதை வெட்டிவிடும். இரண்டு நிமிடத்தில் பாதி காலி. இதை மருந்தாக்க வேண்டுமென்றால் வெட்டுப்படாத ஒரு நகல் வேண்டும். அந்த நகல் முதலில் கிடைத்தது ஒரு பல்லியிடம். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் சுரப்பில், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்கிற, ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளை ஜான் எங் என்ற ஆராய்ச்சியாளர் 1990களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். அதன் வழியில் வந்த எக்ஸெனடைடு 2005இல் அமெரிக்காவில் சுகர் மருந்தாக அனுமதி பெற்றது. அதை நாளுக்கு இரண்டு முறை குத்திக்கொள்ள வேண்டும். அடுத்து நாளுக்கு ஒரு முறை லிராகுளுடைடு வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒரு முறை செமாகுளுடைடு. அதன் மூலக்கூறில் ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்டிவைத்திருக்கிறார்கள். அந்த வால் ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுவதால் மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது.

இந்த ஹார்மோன் ஆராய்ச்சியில் ஸ்வெட்லானா மோய்சோவ் என்ற வேதியியலாளரின் பங்கு நெடுங்காலம் பேசப்படாமலே கிடந்தது. 2024இல் இதற்காக லாஸ்கர் என்ற மருத்துவ ஆராய்ச்சி விருதைக் கொடுத்தபோது மற்ற இருவரோடு அவர் பெயரும் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டால் எடை குறையாது. இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

இப்போது பேச்சில் இருப்பவை இரண்டு. செமாகுளுடைடு ஒன்று. இன்னொன்று டிர்செபடைடு, அது ஜிஎல்பி-1ஓடு ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

பெயர்களில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஓசெம்பிக், வெகோவி இரண்டுமே நோவோ நார்டிஸ்க்கின் செமாகுளுடைடுதான். ஓசெம்பிக் சுகருக்கு என்று அனுமதி பெற்றது. வெகோவி எடைக்கு, அதில் உச்ச அளவு அதிகம். எலை லில்லியின் டிர்செபடைடுக்கு மவுஞ்சாரோ என்று பெயர். அதே மருந்தைச் சிப்லா நிறுவனம் யூர்பீக் என்ற பெயரில் இங்கே விற்கிறது. ஆகவே பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். இரண்டு பெயரைப் பார்த்து இரண்டு மருந்து என்று நினைத்துச் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

ரைபெல்சஸ் என்ற மாத்திரையும் செமாகுளுடைடுதான். இந்தியாவில் அது சுகருக்கான மருந்து. வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் போகாமல் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் அந்த அரை மணி நேரத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு

செமாகுளுடைடை எடைக்காகச் சோதித்த பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. 1,961 பேர், 68 வாரம். மருந்து போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். டிர்செபடைடில் 72 வாரத்தில், 15 மில்லிகிராம் என்ற உச்ச அளவில் சுமார் 21 சதவீதம். இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வும் 2025இல் வந்துவிட்டது: டிர்செபடைடுக்கு 20.2, செமாகுளுடைடுக்கு 13.7.

இவை சராசரி. 100 கிலோ உள்ள ஒருவர் 85க்கு வரலாம், இன்னொருவர் 96லேயே நின்றுவிடலாம். எனக்கு முதல் மாதம் குறைந்தது ஒன்றரைக் கிலோ. முதல் மாத அளவு உடம்பைப் பழக்குவதற்கான அளவு. எடையைக் குறைக்கும் அளவு பிறகுதான் வரும். அது தெரியாமல் தினமும் காலையில் தராசில் ஏறி நின்று மனசைக் கெடுத்துக்கொண்டேன். வாரம் ஒரு நாள் பார்த்தால் போதும்.

எடை மட்டும் கணக்கில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோய் இருந்த, சுகர் இல்லாத, எடை கூடிய 17,604 பேரிடம் செமாகுளுடைடைச் சோதித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. என் மருத்துவர் எனக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்குத் தராசைவிட இந்த மாதிரி முடிவுகள்தான் காரணம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஐம்பதைத் தாண்டுவதற்குள் நெஞ்சுவலி வந்தது.

உங்களுக்கு இது தேவையா

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். உயரம் 1.65 மீட்டர், எடை 85 கிலோ என்றால் விடை 31. இதுதான் பிஎம்ஐ. 30க்கு மேல் இருந்தாலோ, 27க்கு மேல் இருந்து கூடவே சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், தூக்கத்தில் மூச்சுத் தடை போன்ற ஒன்று இருந்தாலோ இந்த மருந்துகளை யோசிக்கலாம் என்பது பொது விதி. நம் நாட்டவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடுவதால் இங்கே 25ஐத் தாண்டினாலே உடல்பருமன் என்று கணக்கெடுக்கிறார்கள். அதற்காக 25இலேயே ஊசி என்று அர்த்தமில்லை. இடுப்பளவையும் பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதுதான் எல்லை. சட்டை போட்டால் ஒல்லியாகத் தெரிந்து, தொப்பை மட்டும் முன்னால் நிற்கும் ஆட்கள் நம்மிடம் அதிகம்.

கல்யாணத்துக்கு ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். இந்த மருந்தும் வேண்டாம்.

யாருக்குக் கூடாது

குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால், அல்லது எம்இஎன்-2 என்ற பரம்பரைக் கோளாறு இருந்தால், கூடாது. 'தைராய்டு இருக்கிறதே, போடலாமா' என்று என்னிடம் கேட்டவர்கள் ஏராளம், பெரும்பாலும் பெண்கள். தினமும் காலையில் தைராக்ஸின் மாத்திரை போடுகிற சாதாரணத் தைராய்டு குறைபாடு வேறு, இந்தப் புற்றுநோய் வேறு. முதலாவது இருந்தால் தடை இல்லை, சொல்லிவிட்டால் போதும்.

கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், சுகரால் விழித்திரை பாதித்தவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சுகர் வேகமாக இறங்கும்போது விழித்திரைப் பிரச்சினை கொஞ்சகாலம் மோசமாகலாம், அதனால் சுகர்காரர்கள் கண் பரிசோதனையை முடித்துக்கொண்டே தொடங்குவது நல்லது.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இன்னொன்று, பலர் கூச்சப்பட்டுப் பேசாமல் விடுவது: பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருந்து மாதவிடாய் தாறுமாறாக இருந்த பெண்களுக்கு எடை குறையக் குறையக் கருமுட்டை ஒழுங்காக வர ஆரம்பிக்கலாம். 'எனக்கு எங்கே கரு நிற்கப் போகிறது' என்று கவனமில்லாமல் இருந்துவிட வேண்டாம். டிர்செபடைடு போடும்போது கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். தொடங்கிய முதல் நான்கு வாரமும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் ஆணுறை போன்ற இன்னொரு தடுப்பு வேண்டும்.

பணக் கணக்கு

இதைத்தான் முதலிலேயே போட வேண்டும். நான் மூன்றாவது மாதத்தில் போட்டேன், கையைக் கடித்தது.

மவுஞ்சாரோ இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் வந்தது. அப்போது ஒரு வார ஊசிக்கான குப்பி 2.5 மில்லிகிராம் 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். அந்த விலையில், ஐந்திலேயே நின்றாலும் வருஷத்துக்கு 52 வாரம்; இரண்டே கால் லட்சத்தைத் தாண்டும். வெகோவி ஜூனில் வந்தபோது ஆரம்ப அளவுகளுக்கு மாதம் 17,345 ரூபாய். நவம்பரில் விலையைக் குறைத்து முதல் அளவை 10,850க்குக் கொண்டுவந்தார்கள். செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதற்குப் பிறகு இந்திய நிறுவனங்களும் தயாரிக்கலாம் என்பதால் விலை நகர்ந்துகொண்டே இருக்கும். வாங்கும் அன்று மூன்று கடையில் விசாரியுங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இதற்குப் பணம் தருவதில்லை.

ஆறு மாதத்துக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால் தொடங்காதீர்கள் என்பது என் கருத்து. காரணம் இருக்கிறது. ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. மனசுக் கட்டுப்பாடு போதாததால் வந்தது என்று நினைக்க வேண்டாம். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவது போலத்தான் இதுவும். குறைந்தது இரண்டு வருஷத்துக்குத் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

மருத்துவரிடம் எடுத்துப்போக வேண்டியவை

ஹார்மோன் மருத்துவர், சுகர் மருத்துவர், அல்லது பொது மருத்துவத்தில் எம்.டி. படித்தவர். ஜிம் பயிற்சியாளரும் பியூட்டி பார்லரும் இந்தப் பட்டியலில் இல்லை. சுகருக்கான மூன்று மாதச் சராசரி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல், கொழுப்பு, தைராய்டு பரிசோதனைகளைப் பெரும்பாலும் கேட்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்கள் இப்போது விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைகளை அட்டையோடு பையில் போட்டு எடுத்துப்போவது. 'வெள்ளையா சின்னதா ஒண்ணு, காலையில' என்று சொன்னால் வேலைக்கு ஆகாது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த ஊசியையும் சேர்த்துப் போட்டால் சுகர் சட்டென்று கீழே விழலாம்: வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. அவற்றின் அளவை மருத்துவர் முதலிலேயே குறைப்பார். வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின் என்று 'கிளிப்டின்' என முடியும் மாத்திரைகள், ஜிஎல்பி-1ஐ வெட்டுகிற அந்த நொதியைத் தடுப்பவை. ஊசி தொடங்கினால் அவற்றால் கூடுதல் பயன் இல்லை என்பதால் வழக்கமாக நிறுத்திவிடுவார்கள். ஒரு செலவு மிச்சம். எடை குறையும்போது பிரஷர் மாத்திரையின் பழைய அளவும் உடம்புக்கு அதிகமாகிவிடலாம்; எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் பிரஷரைச் சோதியுங்கள்.

வாங்குவதும் வைப்பதும்

மருந்துச் சீட்டோடு, குளிர்சாதனப் பெட்டியில் மருந்து வைத்திருக்கும் கடையில், பில்லோடு வாங்குங்கள். போலி ஓசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. வாட்ஸ்ஆப்பில் பாதி விலைக்கு வருகிற எதையும் வயிற்றில் குத்திக்கொள்ளத் துணிய மாட்டேன்.

மருந்து நிரப்பி, பேனா வடிவில் வரும் ஊசியைப் பேனா என்றுதான் சொல்வார்கள். என் இரண்டாவது பேனாவை வீட்டுக்கு வரவழைத்தேன். சித்திரை வெயிலில், கரைந்து வெதுவெதுப்பாகிப்போன ஐஸ் பையோடு வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்க மூன்று வாரம் ஆனது. அதிலிருந்து நானே சின்ன ஐஸ் பெட்டியோடு கடைக்குப் போய் வாங்கிவருகிறேன்.

திறக்காத மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடாகும். ஃப்ரீசருக்கு ஒட்டின மாதிரி வைத்தால் உறைந்துவிடும். உறைந்த மருந்து, உருகின பிறகும் குப்பைக்குத்தான். நடுத்தட்டில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். 'வெளியிலும் சில வாரம் வைக்கலாம்' என்று உள்ளே இருக்கும் சீட்டில் எழுதியிருப்பது 30 டிகிரிக்குக் கீழே இருந்தால். வேலூரிலோ மதுரையிலோ மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே 30க்குக் கீழே எங்கே கிடைக்கும்? ஃபிரிட்ஜே கதி. பஸ்ஸில் போகும்போது ஐஸ் பை பேனாவை நேராகத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். விமானத்தில் கைப்பையில்தான்.

ஊசி போடும் முறை

ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். எனக்கு வெள்ளி இரவு. குமட்டல் வந்தால் அடுத்த இரண்டு நாள் வீட்டில் இருக்கலாம் என்று கணக்கு. நேரம் முக்கியமில்லை, சாப்பாட்டோடு சம்பந்தமும் இல்லை.

வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுப் போடலாம், தொடையின் முன்பக்கம் போடலாம். கையின் மேல்பகுதி என்றால் இன்னொருவர் போட்டுவிட வேண்டும். வாரா வாரம் இடத்தை மாற்றுங்கள். பேனாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியில் வைத்தால் எரிச்சல் குறையும். மருந்து தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், கலங்கியிருந்தால் வேண்டாம். புது ஊசிமுனை மாட்டி, அளவைத் திருப்பி, நேராகக் குத்தி, பொத்தானை அழுத்தியபடி சீட்டில் சொன்ன எண் வரை மெதுவாக எண்ணி, பிறகு எடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் மருந்து தோலில் வழிந்து போகும். அந்தச் சொட்டு நூறு ரூபாய் பெறும் என்று நினைத்துக்கொண்டால் பொறுமை தானாக வரும்.

குப்பியாக வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சும் இருக்கும், 100 யூனிட்டும் இருக்கும். அரை மில்லி மருந்து, ஒன்றில் 20ஆம் கோடு, மற்றதில் 50ஆம் கோடு. சிரிஞ்சை மாற்றினால் அளவே மாறிவிடும். முதல் ஊசியைக் கிளினிக்கில் நர்ஸ் முன்னால் போட்டுப் பழகிக்கொள்வதுதான் சரி. எந்தச் சிரிஞ்ச், எந்தக் கோடு என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு படிப்படியாக ஏறும். வெகோவி 0.25இல் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று போய் 2.4 மில்லிகிராமில் முடியும். மவுஞ்சாரோ 2.5இல் தொடங்கி, நான்கு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் 2.5 கூட்டிக்கொண்டே போகலாம், உச்சம் 15. எல்லோரும் உச்சத்துக்குப் போக வேண்டும் என்று சட்டமில்லை. குறைந்த அளவிலேயே பசி அடங்கி எடை இறங்கினால் அங்கேயே நிற்கலாம், செலவும் குறையும். ஒரு வாரம் மறந்துவிட்டால், செமாகுளுடைடு என்றால் ஐந்து நாளுக்குள், டிர்செபடைடு என்றால் நான்கு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். விட்ட ஊசியையும் அடுத்த ஊசியையும் சேர்த்துப் போடக் கூடாது.

கழற்றின ஊசிமுனையைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் மருத்துவமனையிலோ லேபிலோ கொடுங்கள். குப்பைக் கூடையில் போட்டால் அது குத்துவது தூய்மைப் பணியாளரின் கையை.

முதல் இரண்டு மாதம்

குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல். அப்புறம் அழுகின முட்டை நாற்றத்தோடு ஓர் ஏப்பம். மீட்டிங்கில் வந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பெரும்பாலும் ஊசி போட்ட அடுத்த இரண்டு மூன்று நாளிலும், அளவு கூட்டின வாரத்திலும் வரும், பிறகு அடங்கும்.

இரைப்பை மெதுவாகக் காலியாகிறது என்பதை மறந்தால் தண்டனை உடனே கிடைக்கும். அளவு கூட்டின மறுநாள் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போனேன். இலையில் வைத்ததை எல்லாம் பழைய பழக்கத்தில் சாப்பிட்டேன்: வடை, நெய் ஊற்றின பருப்பு, சாம்பார், வத்தக்குழம்பு, பாயசம் இரண்டு முறை. இரவு பதினொரு மணிக்கு அந்தச் சாம்பார் இன்னும் தொண்டையிலேயே நின்றது. விடியும்வரை உட்கார்ந்தபடி தூங்கினேன்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. தட்டைச் சின்னதாக்கினேன். வயிறு நிறையும்வரை சாப்பிட்டால் அதிகம் சாப்பிட்டுவிட்டதாக அர்த்தம். 'இன்னும் ரெண்டு வாய் போகும்' என்று தோன்றும் இடத்திலேயே கையைக் கழுவிவிடுகிறேன். எண்ணெயில் பொரித்ததை ஊசி போட்ட மூன்று நாளைக்குத் தொடுவதில்லை. இரவுச் சாப்பாடு ஏழரைக்குள், படுப்பதற்கு முன் கொஞ்சம் நடை. குமட்டுகிற நாளில் மோர், ரசம் சாதம், இட்லி, இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர். தாகம் எடுப்பதும் குறைந்துவிடுவதால் தண்ணீரைக் கணக்கு வைத்துக் குடிக்க வேண்டும். வாந்தியும் பேதியும் சேர்ந்து தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் அடிவாங்கும், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா, தண்ணீர். அதற்கும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் மருந்து கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உறவினர் வீட்டில் சாப்பாடு ஒரு தனிப் பிரச்சினை. 'என்ன, சமையல் பிடிக்கலையா?' என்று அத்தை முகம் வாடும். மருந்து எடுக்கிறேன் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவதே மேல். நான் கொஞ்சநாள் மறைத்துப் பார்த்தேன். எனக்குப் பெரிய வியாதி வந்திருப்பதாகக் கிராமம் வரைக்கும் செய்தி போய்விட்டது.

தசையைக் காப்பாற்றுவது

குறைகிற எடை முழுவதும் கொழுப்பு இல்லை. கால்வாசியோ அதற்கு மேலோ தசையும் மற்ற திசுக்களும். நம் சாப்பாட்டில் இது இரட்டைச் சிக்கல், ஏனென்றால் பசி பாதியாகும்போது நாம் பாதி சோறும் பாதி சாம்பாரும் சாப்பிடுகிறோம். புரதம் முன்பே குறைவு, இப்போது அதிலும் பாதி. ஒரு இட்லியில் இரண்டு கிராம் புரதம் இருந்தால் அதிகம். ஒரு முட்டையில் ஆறு.

அதனால் தட்டில் எது முதலில் வாய்க்குப் போகிறது என்பதை மாற்றுங்கள். முட்டை, மீன், கோழி, பன்னீர், சுண்டல், பாசிப்பயறு, தயிர் இவற்றில் ஒன்றை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு, வயிற்றில் இடம் இருந்தால் சோறு. குழம்பு மீனாக இருந்தால் இன்னும் நல்லது, பொரித்த மீனைவிட இரைப்பை அதை எளிதாக ஏற்கிறது. எடையில் கிலோவுக்கு, நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரதம் என்று எனக்குச் சொன்னார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு, கேட்காமல் கூட்ட வேண்டாம். நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி வேண்டும். ஜிம் தேவையில்லை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் தண்டால், இரண்டு கையிலும் தண்ணீர் கேன். நான்காவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது எனக்கு. வேகமாக எடை குறைந்தால் அப்படி நடக்கும், பிறகு நின்றது.

சுகர்காரர்கள் ஏகாதசி, அமாவாசை, ரமலான் என்று விரதம் இருப்பதாக இருந்தால் முதல் இரண்டு மாதத்தில் அதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

மேல்வயிற்றில் விடாமல் வலித்து, முதுகுக்கும் பரவினால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் நேராகக் கிளம்புங்கள், வாயுப்பிடிப்பு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சளானால் பித்தப்பை. வேகமாக எடை குறையும் யாருக்கும் பித்தக்கல் வரலாம். ஒரு கண்ணில் பார்வை திடீரென்று மங்கினால் அன்றே கண் மருத்துவர். கண் நரம்புக்கு ரத்தம் தடைப்படும் ஒரு பாதிப்பை செமாகுளுடைடின் மிக அரிதான பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் சேர்த்திருக்கிறது. தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க வயிற்றில் நிற்கவில்லை என்றாலும் போங்கள்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எதுவாக இருந்தாலும், பல் அறுவை, எண்டோஸ்கோப்பி உட்பட, இந்த ஊசி போடுவதை முன்பே சொல்ல வேண்டும். ராத்திரியிலிருந்து வெறும் வயிறு என்று நீங்கள் நினைப்பீர்கள், உள்ளே நேற்றைய சாப்பாடு இருக்கும்; மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து.

நிறுத்துவதாக இருந்தால்

பணம் காரணமாக இருக்கலாம், பக்கவிளைவு தாங்காமல் இருக்கலாம். உச்ச அளவில் மூன்று மாதம் போட்டும் ஐந்து சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் தொடர்வதில் பயன் இருக்கிறதா என்று மருத்துவரே கேட்பார். எதுவானாலும் அவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். குறைத்திருந்த சுகர், பிரஷர் மாத்திரைகளை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். பசி இரண்டு மூன்று வாரத்தில் திரும்பி வரும், வரும்போது பழைய கோபத்தோடு வரும். அந்த வாரங்களில் வீட்டில் முறுக்கு டின்னை நிரப்பி வைக்காதீர்கள்.

பல வாரம் விட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறவர்கள் விட்ட அளவிலிருந்து தொடரக் கூடாது. கீழேயிருந்து ஏறி வர வேண்டியிருக்கும். எந்தப் படியிலிருந்து என்பதை மருத்துவர் சொல்வார். பாதி மருந்து மிச்சமிருக்கும் பேனாவை மச்சினிக்குக் கொடுக்க வேண்டாம். ஊசிமுனையை மாற்றினாலும் பேனாவுக்குள் ஒருவர் ரத்தம் ஏறியிருக்கலாம், தவிர உங்கள் ஆறாம் மாத அளவு அவருக்கு முதல் நாள் அளவாகிவிடும்.